நெடுநல்வாடை அரண்மனையும் சாலொமோன் மாளிகையும்

பண்டை அரசர் எடுப்பித்த மாளிகைகளுட் பெரும்பாலன மண்ணோடு மண்ணாய் மறைந்தொழிந்தன. சில மாளிகைகள் மட்டும் சொல்லால் இன்றும் நிற்கின்றன. தமிழில் அத்தகையதொன்று, பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில் நக்கீரர் காட்டும் அரண்மனை. எபிரேய மொழியில் அத்தகையதொன்று, அரசர் முதல் நூலின் ஏழாம் அதிகாரத்தில் விரிக்கப்படும் சாலொமோன் மாளிகை. மதுரையிற் சங்ககாலப் பாண்டியர் கோயிலோ எருசலேமிற் சாலொமோன் இல்லமோ இதுவெனப் பலரும் ஒப்பும் எச்சம் இதுகாறும் அகழ்ந்தெடுக்கப்படவில்லை. எனவே இவ்விரண்டையும் கட்டடங்களாக அன்றி இலக்கியங்களாகவே நாம் ஆராய்தல் வேண்டும்.

நெடுநல்வாடையின் அரண்மனைப் பகுதியைப் பாட்டின் பொருளோடு ஒட்டாத வெறும் வருணனையாகவும், புலவரின் சொல்வளத்துக்குச் சான்றாகவும் எடுத்துக்காட்டி அமையும் வழக்கம் நம் வகுப்பறைகளில் உண்டு. விவிலியப் பகுதியையும் அங்ஙனமே அளவைப் பட்டியலெனக் கருதிக் கடந்துசெல்வோர் பலர். இவ்விரு கருத்தும் பொருந்தா. ஈரிடத்தும் மாளிகையின் அளவு அரசனை அளக்கும் கோலாக அமைந்துள்ளது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

முதற்கண் எபிரேய நூலை நோக்குவோம். ஆண்டவனுக்கு எடுத்த ஆலயம் முற்றுப்பெற ஏழாண்டுகள் ஆயின என ஆறாம் அதிகாரம் முடிகின்றது. அடுத்து, அரசன் தன் இல்லத்தைக் கட்டி முடிக்கப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின என ஏழாம் அதிகாரம் தொடங்குகின்றது. இரண்டையும் ‘வீடு’ எனப் பொருள்படும் ஒரே சொல்லால் நூல் குறிக்கின்றது. ஆகலின் ஒப்புநோக்கு படிப்போர் உள்ளத்தில் தானே எழும். ஆலயம் 60 முழ நீளமும் 20 முழ அகலமும் 30 முழ உயரமும் உடையது. மாளிகைத் தொகுதியுள் ‘லீபனோன் வனம்’ எனப் பெயரிய மண்டபம் ஒன்றே 100 முழ நீளமும் 50 முழ அகலமும் 30 முழ உயரமும் உடையது. உயரம் ஒன்றே, பரப்போ, ஆலயத்தின் சுற்றறைகளை நீக்கிப் பார்ப்பின் நான்கு மடங்கினும் மிகுதி. நூலாசிரியர் இதுபற்றி ஒரு சொல்லும் குறைகூறிற்றிலர். எண்களை அடுத்தடுத்து வைத்து வாளா அமைந்தார்.

இதனை மறுப்போரும் உளர். யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ், ஆலயத்தில் இருந்த ஊக்கம் மாளிகைப் பணியில் இன்மையாலேயே காலம் நீண்டதென்பர். அவர் கூற்றுப்படி நெடுங்காலம் பத்திமைக்கே சான்றாகும். எனினும் காலத்துக்கு இவ்விளக்கம் பொருந்தினும் பரப்புக்குப் பொருந்தாது. மேலும், எபிரேய மூலத்தில் மாளிகைச் செய்தி ஆலயம் எழுந்த வரலாற்றுக்கும் ஆலயத்து வெண்கலப் பணிகளுக்கும் இடையே வந்து புகுகின்றது. கிரேக்க மொழிபெயர்ப்பாகிய எழுபதின்மர் பதிப்போ அதனை அவ்வதிகாரத்தின் இறுதிக்கு மாற்றிவைத்தது. ஆலயக் கதையை அரசனின் மனை இடைமுறிப்பது பண்டையோர்க்கும் உறுத்தலாகத் தோன்றியது போலும்!

இனி நெடுநல்வாடைக்கு வருவோம். ஞாயிறு உச்சியில் நிற்ப, நட்ட கோல்களின் நிழல் எத்திசையும் சாயாத வேளையில், கட்டட நூல் வல்லார் கயிறு பிடித்துத் திசை கண்டு, தெய்வங்களை நோக்கி மனை வகுத்தனர் என நக்கீரர் தொடங்குகின்றார். உரையாசிரியர் இதனைச் சித்திரைத் திங்களொடு பொருத்துவர். இது கற்பனையன்று. நம் சேலம், நாமக்கல் சமவெளியில் ஏப்பிரல் 20ஆம் நாளை ஒட்டி நண்பகலில் நிழல் அடியிலேயே ஒடுங்குதலை இன்றும் காணலாம். மதுரையில் இது சில நாள் முந்தி நிகழும். கடக வரைக்கு வடக்கே அமைந்த எருசலேமிலோ ஆண்டின் எந்நாளிலும் நிழல் அங்ஙனம் அடியில் ஒடுங்குதல் இல்லை. நக்கீரர் காட்டும் மனை இந்நிலத்து வானத்தின்கீழ் வகுத்த மனை என்பது இதனாற் பெறப்படும்.

வெற்றிக்கொடியுடன் யானை புகுமளவு உயர்ந்த வாயில், இரும்பாற் பிணித்த கதவு, வெண்மணல் முற்றம், யவனர் செய்த பாவை விளக்கு, ஓவியம் எழுதிய சுவர் என ஒன்றன்பின் ஒன்றாகப் புலவர் நம்மை உள்ளே அழைத்துச் செல்கின்றார். அகத்தே காண்பது யாது? அரசன் அமர்ந்த அரியணை அன்று. அரசன் இல்லாத கட்டில். அதன்மேல் அணி துறந்த அரசி, விதானத்தில் எழுதிய திங்களையும் அதனைப் பிரியா உரோகிணியையும் நோக்கிப் பெருமூச்செறிகின்றாள். அக்கட்டிலும் போர் கண்ட நாற்பதாண்டு யானையின் தந்தத்தால் இயன்றது. களத்தை மறத்தற்குரிய பள்ளியறையிலும் களமே காலாக நிற்கின்றது. அரசனோ வாடையில் விளக்குச் சுடர் சாயும் நள்ளிரவில், சிலரொடு பாசறையில் நடந்து, புண்பட்ட மறவரைக் கண்டு ஆறுதல் கூறுகின்றான்.

இங்குத்தான் அரண்மனை விரிவின் பயன் விளங்குகின்றது. மாளிகை எத்துணை வனப்புடையதோ அத்துணைக்கு அதன் வெறுமை மிகும். அதனைத் துறந்து நிற்கும் அரசனின் கடமையுணர்ச்சியும் அவ்வளவு உயரும். வருணனையைச் சுருக்கின், அரசன் துறந்தது இன்னதென்பது படிப்போர்க்குப் புலப்படாது. ஆகவே அது பாட்டின் அணி அன்று. பாட்டின் அடித்தளம் என்க. வேலிற் கட்டிய வேம்பால் இப்பாட்டுப் புறமாயிற்று என நச்சினார்க்கினியர் காட்டுவர். அவ்வடையாளம் இன்றெனினும், இல்லத்துக்கும் பாசறைக்கும் இடையே அரசன் எதனைத் தேர்ந்தான் என்னும் வினாவே இதனைப் புறத்தின்பால் ஈர்க்கும் எனலாம்.

ஆயினும் ஒரு வேறுபாட்டை மறைத்தல் ஆய்வுக்கு அழகன்று. கட்டியவர் யார், அவர்க்குக் கொடுத்தது யாது என்னும் வினாக்களுக்கு நெடுநல்வாடை விடை கூறுவதில்லை. எபிரேய நூலோ கணக்குக் காட்டுகின்றது. லீபனோன் மரம் வெட்ட 30,000 பேர், திங்களுக்கு 10,000 பேராகக் கட்டாய ஊழியத்துக்கு அனுப்பப்பட்டனர். மரமும் பொன்னும் தந்த தீரு நாட்டு மன்னன் ஈராமுக்கு இருபது ஊர்கள் கொடுக்கப்பட்டன. சாலொமோனுக்குப்பின் மக்கள் அவன் மகனிடம் நுகத்தைத் தளர்த்துமாறு வேண்டினர். அவன் மறுக்கவே நாடு இரண்டுபட்டது. பின்னாளில் எரேமியா என்னும் இறைவாக்கினர், உழைத்தவனுக்குக் கூலி கொடாது கேதுரு மாளிகை எடுத்த அரசனை வெளிப்படையாகவே கடிந்தார். மாளிகையின் விலையை வினவும் இத்துணிவைப் பாண்டியன் மனையைப் பாடிய பாட்டில் எதிர்பார்த்தல் இயலாது.

அத்துணிவு தமிழில் இல்லையோ எனின், உண்டு. நம் நிலத்தை அடுத்தே உண்டு. தகடூர் அதியமான் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார் பாடிய புறநானூற்று 95ஆம் பாட்டு அதுவாகும். தொண்டைமானின் காவல் மிக்க மாளிகையில் படைக்கலங்கள் பீலி சூடி, மாலை அணிந்து, நெய் பூசப்பெற்றுப் பொலிகின்றன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் கொட்டிலிற் கிடக்கின்றன. புகழ்வார்போல் ஔவையார் மாளிகையின் பெருமையை ஒரு சிறு கொட்டிலால் வென்றார். லீபனோன் வன மண்டபத்திலும் சாலொமோன் பொன்னாற் செய்த 200 பெருங்கேடயங்களும் 300 சிறுகேடயங்களும் வைத்தான். அவை எப்போரிலும் பயன்பட்டதாக நூல் கூறவில்லை. மகன் ஆட்சியின் ஐந்தாம் ஆண்டில் எகிப்து மன்னன் சீஷாக் அவற்றைக் கவர்ந்து சென்றான் என்றே கூறுகின்றது. பின் அவ்விடத்தை வெண்கலக் கேடயங்கள் நிரப்பின. ஔவையார் தொண்டைமானுக்குச் சொல்லாமற் சொன்னதை எபிரேய வரலாறு நிகழ்ச்சியாகவே காட்டிற்று.

சொல்லாய்வும் இம்முடிவுக்குத் துணைசெய்யும். ‘கோயில்’ என்பது முன்னர் அரசன் இல்லத்தையும் குறித்து, பின்னர் இறைவன் இல்லத்துக்கே உரித்தாயிற்று. எபிரேயத்து ‘ஹேகால்’ என்னும் சொல்லும் இரண்டையும் குறிப்பது. ‘பெரிய வீடு’ எனப் பொருள்படும் சுமேரியச் சொல்லினின்றும் அக்காதியத்தின் வழியே வந்தது. இரு மொழியிலும் ஒரு சொல்லின்கீழ் இருவர் குடியிருந்தனர். எவர் இல்லம் பெரிதாதல் வேண்டும் என்னும் வழக்கு அச்சொல்லுக்குள்ளேயே அடங்கிக் கிடந்தது.

அவ்வழக்கின் தீர்ப்பை நாமக்கல் மலையிற் காணலாம். எட்டாம் நூற்றாண்டில் அதியர் குலத்துக் குணசீலன் குடைவித்த குடைவரை, கல்வெட்டில் ‘அதியேந்திர விஷ்ணு கிருகம்’ எனப்படுகின்றது. கிருகம் என்பதற்கும் வீடு என்பதே பொருள். அரசன் பெயர் தாங்கிய இறைவன் வீடு பாறையில் நிற்கின்றது. அவ்வரசன் வாழ்ந்த வீடு இன்னதெனக் காட்டுவார் இலர். அவன் முன்னோன் நெடுமான் அஞ்சியின் புகழோ கல்லிலும் கேதுருவிலும் அன்றி, ஒரு கொல்லன் கொட்டிலைப் பாடிய சொல்லில் நிலைபெற்றுள்ளது. மாளிகை வருணனைகளை இனி நாம் கற்பிக்கும்போது, அங்கு எத்துணைத் தூண்கள் உள என்று எண்ணுவதோடு அமையாது, அங்கு அரசன் உளனா என்றும் வினவுதல் வேண்டும்.