கூட்டத்தில் ஓர் இடம்

மனிதனுக்கு நாலு பேர் வேண்டும் என்று சொல்ல நமக்கு ஆராய்ச்சி எதுவும் தேவைப்பட்டதில்லை. இருந்தாலும் ஆராய்ச்சி செய்துதான் இருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரரான எமில் துர்க்கைம் 1897-இல் தற்கொலையைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். குடும்பத்தோடும் மதக் கூட்டத்தோடும் கட்டுண்டவர்களைவிட, ஒட்டாமல் வாழ்கிறவர்களே அதிகமாக உயிரை மாய்த்துக்கொள்கிறார்கள் என்று அதில் கணக்குக் காட்டினார். 2010-இல் 148 ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தவர்கள், உறவுபலம் உள்ளவர்கள் உயிரோடிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய அரைப் பங்கு கூடுதல் என்றார்கள். இருக்கட்டும். கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இந்தக் கணக்குகளில் ஒரு சந்தேகம் உண்டு. கூட்டத்துக்குள் இருக்கிறவனுக்கு அங்கே ஓர் இடமும் இருக்கிறதா என்பதை எப்படி எண்ணுவது?

புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' வறுமையின் கதை, தாம்பத்தியத்தின் கதை என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இரண்டும் உண்மைதான். ஆனால் திரும்பப் படிக்கும்போது என் கண்ணில் படுவது ஆளரவமில்லாத அந்த வீடு. பிரமநாயகம் பிள்ளை பட்டணத்து ஜவுளிக் கடையில் சிப்பந்தி, மனைவி நோயாளி. அவர் கடைக்குப் போய்விட்டால் அவளுக்குத் துணை நாலு சுவர்தான். அவள் ஆசைப்படுவது என்ன? பொங்கலுக்கு வீட்டு அரிசிச் சோறு சாப்பிடவேண்டும், ஒரு தடவை ஊருக்குப் போய்வர வேண்டும். அவ்வளவுதான். அவள் கண் மூடிய இரவில், வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டுவது முதற்கொண்டு எல்லாம் பிள்ளையவர்களே செய்கிறார். ஊரில் என்றால் அவரை அந்தப் பக்கமே விட்டிருக்கமாட்டார்கள். பத்துப் பெண்கள் வந்து சூழ்ந்திருப்பார்கள்.

சரி, ஊரிலேயே இருந்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமா? பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' (2010) நாவலில் காளிக்கும் பொன்னாவுக்கும் ஊர் இருக்கிறது, உறவு இருக்கிறது, காடு கழனி இருக்கிறது, ஒருவர்மேல் ஒருவருக்குத் தீராத ஆசையும் இருக்கிறது. பிள்ளை மட்டும் இல்லை. ஊருக்கு அது போதும். நல்ல காரியங்களில் பொன்னாவை ஒதுக்கிவைக்கிறது, காளியைக் கேலி பேசுகிறது. செல்லம்மாள் எதற்காக ஏங்கினாளோ, அதுவே இங்கே இவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. (நாவலின் பின்பகுதியைப் பற்றி எனக்குச் சில மனக்குறைகள் உண்டு. அதற்கு இது இடமில்லை.)

இந்த விஷயத்தை இன்னும் நுட்பமாகச் சொன்னவர் கு. அழகிரிசாமி என்பது என் அபிப்பிராயம். 'அன்பளிப்பு' கதையைத்தான் சொல்கிறேன். அந்தத் தலைப்பில் வந்த தொகுதிக்கு அவர் மறைந்த 1970-ஆம் ஆண்டின் சாகித்திய அக்காதெமி பரிசு கிடைத்தது. பத்திரிகை ஆபீசில் வேலை செய்கிற ஒருவரைச் சுற்றித் தெருக் குழந்தைகள் மொய்க்கிறார்கள். சாரங்கனும் அவர்களில் ஒருவன். அவனை யாரும் விரட்டவில்லை, அடிக்கவில்லை. எந்த ஆராய்ச்சிக்காரர் வந்து கேட்டாலும் 'நண்பர்கள் உண்டு' என்ற பத்தியில்தான் அவன் பெயரை எழுதிக்கொண்டு போவார். புது வருஷத்துக்கு இரண்டு குழந்தைகளுக்கு டைரி கிடைக்கிறது, சாரங்கனுக்கு இல்லை. கொடுத்தவர் நல்ல மனுஷர், குழந்தைகள்மேல் உயிரையே வைத்திருப்பவர். கதையின் பலமே அதில்தான் இருக்கிறது. கல்நெஞ்சக்காரன் ஒருவனை வைத்து எழுதியிருந்தால் பள்ளிக்கூடத்துப் பாடமாகப் போயிருக்கும். அன்புள்ளவர் கையாலேயே ஒரு பிள்ளை விட்டுப்போகிறான். அவருக்கு அது தெரியக்கூட இல்லை. நம் வீடுகளில் மூன்று பிள்ளைகளுக்குப் பலகாரம் பங்கிடும்போது தினந்தோறும் நடக்கிற காரியம் இது.

முடிவு உருக்கத்துக்காக ஜோடித்தது என்று சிலர் சொல்லக்கூடும். நான் ஒப்பமாட்டேன். சாரங்கன் அவரைத் தன் வீட்டுக்கு வருந்தி அழைத்து, உபசரித்து, பிறகு தானே தேடிக்கொண்ட ஒரு டைரியை எடுத்து நீட்டுகிறான். எழுதித் தரவேண்டும் என்கிறான். என்ன எழுதுவது என்று அவர் கேட்க, வாசகத்தையும் அவனே சொல்கிறான். அழகிரிசாமி அங்கே பேனாவை வைத்துவிட்டார். அதற்குமேல் ஒரு வரி எழுதியிருந்தாலும் நான் அவரோடு சண்டைக்குப் போயிருப்பேன்.