வாக்கியமும் வானமும்

சித்திரை முதல் நாள் பஞ்சாங்கம் வாசிக்கையில், அருப்புக்கோட்டை, திருச்சுழிக் கரிசல்காட்டுச் சம்சாரியின் காது மழை எத்தனை மரக்கால் என்ற வரிக்கே காத்திருக்கும். கண்மாயையும் மானாவாரிக் காட்டையும் நம்பிய சீமை இது. 1879 டிசம்பர் 30 அன்று திருச்சுழியில் பிறந்த ரமண மகரிஷியின் ஜயந்திகூட ஆண்டுதோறும் மார்கழிப் புனர்பூசத்தில்தான் வருகிறது. இங்கே நாளுக்கு முகவரி நட்சத்திரமே.

தமிழகத்தில் பஞ்சாங்க மரபுகள் இரண்டு. வாக்கிய மரபுக்கு அடிப்படை வரருசியின் பெயரால் வழங்கும் 248 சந்திர வாக்கியங்கள். நாளுக்கொரு வாக்கியம், எழுத்துக்கு எண் தரும் கடபயாதி முறையில் சந்திரன் நிற்குமிடம் அதில் அடங்கியிருக்கும். புதுச்சேரியில் கணிதர் ஒருவர் மனப்பாட வாய்பாடுகளைக் கொண்டு, தரையில் சோழிகளை வைத்தே 1825ஆம் ஆண்டுச் சந்திர கிரகணத்தைக் கணித்ததை ஆய்வாளர் ஜான் வாரன் பதிவு செய்தார். தொடக்கத்தில் பிசகு 4 நிமிடம். முடிவில் 52 நிமிடம்.

அந்தப் பிசகை நேர்செய்வதே திருக்கணிதம். சென்னை வானாய்வுக்கூடத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரியார் 19ஆம் நூற்றாண்டிலேயே திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டார். வானியற்பியலாளர் மேகநாத சாகா தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 1957 மார்ச் 22 முதல் தேசிய நாட்காட்டி வந்தது. ஆயினும் இரு மரபும் வாழ்கின்றன. திருக்கணிதப்படி 2025 மார்ச் 29 அன்று நிகழ்ந்த சனிப்பெயர்ச்சி, திருநள்ளாறு பின்பற்றும் வாக்கியப்படி 2026 மார்ச் 6.

வானத்தைப் பார்த்தே அறியும் மூன்றாவது மரபு கர்ப்போட்டம். மார்கழியில் சூரியன் பூராடத்தில் நிற்கும் ஏறத்தாழ 14 நாளும் மேகம் சூல்கொள்வதைப் பெரியவர்கள் பார்ப்பார்கள். சூல்கொண்ட 195ஆம் நாள் மழை என்பது பண்டைய வானியலாளர் வராகமிகிரரின் கணக்கு.

மத்திய அமெரிக்காவின் மாயர்களும் மழையை நம்பி மக்காச்சோளம் விதைத்தவர்களே. அவர்களுடைய 260 நாள் வட்டமும் 365 நாள் வட்டமும் 52 ஆண்டுக்கொருமுறை ஒன்றுகூடும். நமக்குப் பிரபவ முதல் அட்சய வரை 60 ஆண்டு வட்டம். மாயர்கள் டிரெஸ்டன் ஏடு எனப்படும் தங்கள் ஏட்டில் 405 சந்திர மாதங்களுக்குக் கிரகண அட்டவணை எழுதி வைத்தார்கள்.

எந்த மரபுக்கும் உரைகல் வானம்தான். வாக்கியமும் திருக்கணிதமும் கிரகணத்தன்று நாழிகைக் கணக்கில் சோதனைக்கு நிற்கின்றன. கர்ப்போட்டத்துக்கு அந்தச் சோதனை இன்னும் பாக்கி. மார்கழி மேகத்தையும் அடுத்த ஆண்டு மழையையும் நாள்வாரியாக ஒரே நோட்டில் குறித்து ஒப்பிட வேண்டும். பார்த்தறிந்த பெரியவர்கள் இருக்கும்போதே, ஊருக்கொரு நோட்டு இந்த மார்கழியில் தொடங்கட்டும்.