இலக்கு, அடைவு, கேஸ்: ஓர் அட்டவணையை வாசித்தல்

1

அரசு அறிக்கைகளை யாரும் பிரதியாக வாசிப்பதில்லை. வாசித்தாக வேண்டும் என்பது என் கட்சி. சட்டமன்றத்தில் ஆண்டுதோறும் துறைகள் வைக்கிற கொள்கை விளக்கக் குறிப்பு ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். முன்னுரையை விடுங்கள், அட்டவணைக்கு வாருங்கள். வரிசை எண், திட்டம், இலக்கு, சாதனை, விழுக்காடு. கீழே ஒரு வாக்கியம்: இத்தனை ஆயிரம் அறுவைச் சிகிச்சைகள் மேற்கொள்ளப்பட்டன. செயப்பாட்டு வினை. செய்தவர் யாரென்று இல்லை. யார் உடம்பில் செய்யப்பட்டது என்றும் இல்லை. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு வாக்கியத்தில் எழுவாயைத் தேடுகிற கெட்ட பழக்கம் போகாது. இங்கே எழுவாய் தொலைந்துபோனது இலக்கணப் பிசகல்ல. அது தொலைந்தால்தான் அட்டவணை நிற்கும்.

அப்படித் தொலைந்துபோன ஒருத்தி என் அம்மா. நான் கைக்குழந்தையாக இருந்தபோது அவருக்குக் கருத்தடை ஆபரேஷன் நடந்தது. வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. வேண்டும் என்றும் யாரும் கேட்கவில்லை. "மார்ச்சு முடியறதுக்குள்ள ஒரு கேஸ் கொறையுதுன்னு நர்சம்மா அழுதுச்சு. பாவம், அதுக்கும் புள்ளகுட்டி இருக்குல்ல. சரின்னு போனேன்" என்பார். இதைச் சொல்லும்போது அவரிடம் கோபம் இருக்காது. எனக்குத்தான் தொந்தரவாக இருக்கும். நர்சம்மாவும் அம்மாவும் எதிரெதிரே நின்று ஒருவருக்கொருவர் இரங்கிக்கொள்கிறார்கள். அவர்களை அப்படி நிறுத்தியது எது என்பது அந்தக் காட்சியில் இல்லை. அது வேறெங்கோ ஒரு காகிதத்தில் இருக்கிறது.

சொற்களைப் பாருங்கள். இலக்கு என்றால் அம்பெய்கிறவன் பார்க்கிற இடம். குறி என்றாலும் அதுதான். குறிக்கோள் அதிலிருந்து வந்தது. ஆணுடம்பின் உறுப்புக்கும் அதே பெயர். அடைவு என்கிற சொல் நம் கல்வித் துறையில் சாதனையைக் குறிக்கிறது. ஈழத்தில் அடைவு கடை என்றால் அடகுக் கடை. மொழியின் இந்தத் தற்செயல்களிலிருந்து கோட்பாடு பண்ணிவிட முடியாது, தெரியும். ஆனாலும் ஒரு கேள்வியை அவை கிளப்பிவிடுகின்றன: ஒருவருடைய சாதனைக்காக அடகு வைக்கப்பட்டது யாருடைய பண்டம்?

2

வரலாற்றுக்கு வருவோம். 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தலைவராக இருந்த ஆர்.ஏ. கோபாலசாமி, மூன்று பிள்ளைகளுக்கு மேல் பெறுவதை 'முன்யோசனையற்ற தாய்மை' என்கிற பொருளில் ஒரு தொடரால் குறித்தார். எண்ண வந்தவர் தீர்ப்பும் சொல்லிவிட்டார். பின்னாளில் அவர் சென்னை மாநிலத்தின் தலைமைச் செயலாளர். 1950களின் பின்பகுதியில் கருத்தடை செய்துகொண்ட ஏழைக்கு ரொக்கம், ஆளைக் கூட்டிவந்தவருக்கும் ஒரு தொகை என்கிற ஏற்பாடு இந்தியாவிலேயே முன்னதாக இங்கேதான் வந்தது. 'கேஸ் பிடிக்கிறது' என்ற தொழில் அப்படிப் பிறந்தது. 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் நடந்த ஒரே முகாமில் 60,000க்கும் மேற்பட்ட ஆண்களுக்கு அறுவை நடந்தது. திருவிழா மாதிரி நடந்ததாகப் பெருமையோடு எழுதிவைத்திருக்கிறார்கள்.

பிறகு 1976. ஏப்ரலில் வெளியான தேசிய மக்கள்தொகைக் கொள்கை, மாநிலத் திட்டங்களுக்கான மத்திய உதவியில் 8 விழுக்காட்டைக் குடும்பக் கட்டுப்பாட்டுச் சாதனையோடு முடிச்சுப் போட்டது. மையம் மாநிலத்தைப் பார்த்தது, மாநிலம் கலெக்டரைப் பார்த்தது, கலெக்டர் தாசில்தாரை, தாசில்தார் வாத்தியாரை. வடமாநிலங்களில் கேஸ் கொண்டுவராத ஆசிரியர்களுக்குச் சம்பளம் நிறுத்தப்பட்டது. ஏணியின் கடைசிப் படியில் நின்றவனுக்குக் கீழே பார்க்க வேறு ஆளில்லை. ஒரு கூலிக்காரனின் உடம்புதான் இருந்தது. ஷா கமிஷன் தொகுத்த கணக்கு இது: 1976-77இல் தேசிய இலக்கு சுமார் 43 லட்சம், நடந்தது சுமார் 81 லட்சம். அறுவையோடு தொடர்புடையதாகச் சொல்லப்பட்ட மரணங்கள் 1,774. மணமாகாதவர்களுக்குச் செய்ததாக வந்த புகார்கள் 548. அந்த அக்டோபரில் உத்தரப் பிரதேசத்து முசாபர்நகரில் எதிர்த்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு. நவம்பரில் ஹரியானாவின் உட்டாவர் கிராமத்தைப் போலீஸ் வளைத்து ஆண்களை அள்ளிக்கொண்டு போனது.

உயிர் வாழ்வையே நிர்வகிக்கிற அதிகாரத்தைப் பற்றி மிஷேல் ஃபூக்கோ எழுதிய பாலியல் வரலாற்றின் முதல் தொகுதி பாரீசில் வெளியானதும் 1976இல்தான். நம் சிறுபத்திரிகைகளில் ஃபூக்கோவைத் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டியிருக்கிறோம். உட்டாவரை எத்தனை தடவை எழுதியிருக்கிறோம்? என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

3

இலக்குகளை விமர்சிக்க இன்று ஒரு வாய்பாடு கைவசம் இருக்கிறது. இங்கிலாந்துப் பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் 1975இல் பணக் கொள்கையை வைத்துச் சொன்னது. மானுடவியலாளர் மேரிலின் ஸ்ட்ராதெர்ன் 1997இல் அதைப் பல்கலைக்கழகத் தணிக்கைகளுக்கு நீட்டினார். சுருக்கம் இதுதான்: அளவுகோலையே இலக்காக்கினால் அது நல்ல அளவுகோலாக இருக்காது. அதாவது ஆட்கள் எண்ணுக்காக வேலை செய்வார்கள், எண் பொய்யாகும்.

சரியான கூற்று. ஆனால் இது நிர்வாகியின் கவலை என்பதை யாரும் கவனிப்பதாகத் தெரியவில்லை. எண் பொய்யாகிவிட்டதே என்று வருந்துகிறவர், எண் மெய்யாக இருந்தால் நிம்மதியாகிவிடுவார். 1976இன் எண் பெருமளவுக்கு மெய். அறுத்தது நிஜம், ரத்தம் நிஜம். இலக்கை இரு மடங்கு நெருங்கிய அந்தச் சாதனை பொய்க் கணக்காக இருந்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள்! ஏதோ ஓர் ஊரில் ஒரு வாத்தியார் செத்தவன் பெயரை எழுதி கேஸ் காட்டியிருந்தால், அந்தப் பொய்யைத்தான் அன்றைய அறச் செயலாக நான் மதிப்பேன். ஆக, பொய்க் கணக்கு இந்த அமைப்பின் நோய் மட்டுமல்ல. சில சமயம் கீழே இருப்பவரின் ஒரே எதிர்ப்பும் அதுதான். புள்ளிவிவரத்தைச் சுத்தப்படுத்த வேண்டும் என்று கேட்கிற நம் முற்போக்கு நண்பர்கள், யாருக்காகச் சுத்தப்படுத்துகிறோம் என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

4

1977க்குப் பிறகு 'கட்டுப்பாடு' என்ற சொல் போய் 'நலம்' வந்தது. ஆண்களைத் தொட்டால் ஓட்டுப் போகும் என்று அரசு கற்றுக்கொண்டது. எனவே குறி பெண்கள் பக்கம் திரும்பியது. தேசியக் குடும்ப நல ஆய்வு (2019-21) சொல்கிறபடி, மணமான பெண்களில் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள் 37.9 விழுக்காடு, கணவர் செய்துகொண்டது 0.3 விழுக்காடு. நெருக்கடி நிலைக்கு எதிரான வெற்றியின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டாம்.

1994இல் கெய்ரோ மாநாடு. 1996 ஏப்ரலிலிருந்து நாடு முழுக்க 'இலக்கற்ற அணுகுமுறை'. இலக்கு என்ற சொல் காகிதத்திலிருந்து அடிக்கப்பட்டது. அதன் இடத்தில் என்ன வந்தது தெரியுமா? 'எதிர்பார்க்கப்படும் அடைவு நிலை'. ஒரு சொல்லுக்கு மூன்று சொற்கள். ஏவல் வினை எதிர்பார்ப்பாக மாறியிருக்கிறது, அவ்வளவே. எதிர்பார்ப்பது யார் என்று கேட்டால் மறுபடியும் எழுவாய் கிடையாது.

2012 ஜனவரியில் பீகாரின் அராரியா மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில், டார்ச் வெளிச்சத்தில், இரண்டு மணி நேரத்தில் 53 பெண்களுக்கு அறுவை நடந்தது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் பக்கம், பூட்டிக்கிடந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஒரே நாளில் 83 பெண்கள், ஒரே மருத்துவர். நாளுக்கு 30க்கு மேல் கூடாது என்பது அரசின் சொந்த விதி. அந்த முகாமிலும் அடுத்தடுத்த முகாம்களிலுமாக 13 பெண்கள் செத்தார்கள். காரணம் மாத்திரையா, தொற்றா என்று சர்ச்சை நடந்தது. அந்த மருத்துவர் அதே ஆண்டுதான் ஐம்பதாயிரம் அறுவைகளுக்காக மாநில அரசிடம் பாராட்டுப் பெற்றிருந்தார் என்ற செய்தி அந்தச் சர்ச்சையில் ஓரமாகப் போய்விட்டது. எனக்கு அதுதான் மையம். கொடுமைக்காரர் ஒருவர் விதியை மீறினார் என்று கதையை முடித்துக்கொள்ள அது விடுவதில்லை. வேகத்தைத் திறமை என்று கொண்டாடிய கைதான் பிறகு விசாரணைக்கும் உத்தரவு போட்டது.

தேவிகா பிஸ்வாஸ் தொடுத்த வழக்கில் 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், மறைமுக இலக்குகள் கூடாது, முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் நிறுத்த வேண்டும் என்றது. 2020 பிப்ரவரியில் மத்தியப் பிரதேசத்தில், ஓர் ஆணைக்கூட அறுவைக்குக் கொண்டுவராத ஆண் சுகாதாரப் பணியாளர்களுக்குச் சம்பளம் இல்லை, கட்டாய ஓய்வு என்று ஓர் உத்தரவு வந்தது. எதிர்ப்பு வந்ததும் வாபஸ் வாங்கினார்கள். வாபஸ் ஆனது உத்தரவு; அதை எழுதிய மனம் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறது.

5

அப்படியானால் எண்ணே வேண்டாமா? இந்த இடத்தில்தான் சக தோழர்கள் பலரோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. எண் என்றாலே வன்முறை என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மேலே நான் சாட்சிக்கு அழைத்த 1,774, 548, 0.3 எல்லாமே எண்கள்தான். எண்ணப்படாமல் விடுவதும் ஓர் அதிகாரம். சேரியில் எத்தனை பிரசவ மரணம் என்று யாரும் எண்ணாதவரை அங்கே மரணமே இல்லை.

தமிழ்நாட்டில் 1990களில் தாய் மரணங்களைப் பதிந்து தணிக்கை செய்கிற முறை வந்தது. அதுவும் பதிவேடு, அதே நர்சம்மா, அதே பேனா. ஆனால் கேள்வி வேறு. எப்போது வலி கண்டது, வண்டி எத்தனை மணிக்கு வந்தது, ரத்தம் இருந்ததா, எந்த ஆஸ்பத்திரி யாரைத் திருப்பி அனுப்பியது? இலக்கு அட்டவணையில் ஒரு கேஸ் எழுதப்பட்டதும் விஷயம் முடிந்துவிடுகிறது. இங்கே ஒரு மரணம் எழுதப்பட்ட பிறகுதான் விஷயம் தொடங்குகிறது. இதுவும் வழுக்கக்கூடியதே. மரணம் தன் கணக்கில் விழக் கூடாது என்று சாகக் கிடக்கிறவளை அடுத்த ஆஸ்பத்திரிக்குத் தள்ளிவிடுகிற ஆசை எந்த அதிகாரிக்கும் வரலாம். ஏன் என்ற கேள்வி உன்னால்தானே என்ற மிரட்டலாக மாறுகிற கணத்தில் தணிக்கையும் இலக்காகிவிடும்.

ஆகவே எந்த எண்ணைக் கண்டாலும் மூன்று கேள்வி கேட்போம். எண்ணப்பட்டவர் அந்தக் காகிதத்தைப் பார்க்க முடியுமா? பார்த்தவர் இது பொய் என்று சொல்ல முடியுமா? எண் குறைந்தால் உதை விழுவது மேலேயா, கீழேயா? 1994 டிசம்பரில் ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் நடத்திய மக்கள் விசாரணையில் ஊர் நடுவே கூலிப் பட்டியலை உரக்க வாசித்தார்கள். பெயர் வந்ததும் ஆள் எழுந்து, நான் அங்கே வேலையே பார்க்கவில்லை என்றார். செயப்பாட்டு வினைக்கு எழுவாய் திரும்பி வந்த தருணம் அது. நான் அறிந்த விமர்சனச் செயல்பாடுகளில் அதற்கு உயர்ந்த இடம் கொடுப்பேன்.

நமக்குள்ளேயே இதற்கு இன்னொரு மரபும் உண்டு. 1930 வாக்கிலேயே பெரியார் கர்ப்பத்தடை பேசினார். மற்றவர்கள் நாட்டின் வறுமையையும் பெண்ணின் உடல்நலத்தையும் காரணம் காட்டியபோது, தான் அதைக் கேட்பது பெண் விடுதலைக்காக என்று பிரித்துச் சொன்னார். அறுவை அதேதான், வாக்கியம் வேறு. அங்கே எழுவாய் பெண். இலக்குத் திட்டம் அந்தப் பெண்ணை நீக்கிவிட்டு அறுவையை மட்டும் எடுத்துக்கொண்டது. நம் திராவிட ஆட்சிகள் குறைந்த பிறப்பு வீதத்தைச் சாதனையாக முழங்கும்போது, அது பெரியாரின் வாக்கியமா, கோபாலசாமியின் வாக்கியமா என்று பிரித்துக் காட்டியதேயில்லை.

6

பிரிக்காததன் விளைவு இப்போது வாசலில் நிற்கிறது. 1976இல் 42ஆம் திருத்தம் நாடாளுமன்ற இடப் பங்கீட்டை 1971 மக்கள்தொகையோடு உறைய வைத்தது. 2001இல் அந்த உறைவு 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்புவரை நீட்டப்பட்டது. குறைவாகப் பெற்ற மாநிலம் இடங்களை இழக்கலாம் என்பது நியாயமான அச்சம். அதை நானும் எதிர்க்கிறேன். ஆனால் 2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு அதிகப் பிள்ளை பெறச் சொன்னார். சில நாட்களில் சென்னையில் ஒரு திருமண மேடையில் முதல்வர் மு.க. ஸ்டாலின், பதினாறு பெற்றால் என்ன என்று கேட்கிற நிலை வந்துவிட்டதே என்றார். கூட்டம் சிரித்தது. வேடிக்கைதான், ஒப்புக்கொள்கிறேன். கட்டங்கள் அப்படியே இருக்கின்றன, இலக்கு மட்டும் தலைகீழாகியிருக்கிறது.

இந்தச் செய்தியை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அன்னிக்கு வேணாம்னாங்க, இன்னிக்கு வேணுங்கிறாங்களா? எப்பவாச்சும் என்னையக் கேட்டாங்களாடா?" என்றார்.

கேட்கவில்லை. அட்டவணையில் அதற்குக் கட்டம் கிடையாது.