பிள்ளை சொல்வதைக் கேட்க ஓர் ஆள்

2025 ஜூலை 25 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு ஒன்றைத் தமிழ்நாட்டின் ஒவ்வொரு தலைமையாசிரியரும் படித்திருக்க வேண்டும். விசாகப்பட்டினத்தில் விடுதியில் தங்கி நீட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த 17 வயதுப் பெண்ணின் மரணத்தை சிபிஐ விசாரிக்க வேண்டும் என்று அவளுடைய தந்தை தொடுத்த வழக்கு அது. நீதிபதிகள் விக்ரம் நாத்தும் சந்தீப் மேத்தாவும் விசாரணையை சிபிஐக்கு மாற்றியதோடு நிறுத்தவில்லை. 2022இல் மட்டும் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதைச் சுட்டிக்காட்டி 15 நெறிமுறைகளை வகுத்தார்கள். நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் எந்தக் கல்வி நிறுவனத்திலும் தகுதிபெற்ற மனநல ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய நிறுவனங்கள் வெளியில் இருக்கும் வல்லுநர்களோடு முறையான தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும். உரிய சட்டம் வரும்வரை இவை நாடு முழுவதையும் கட்டுப்படுத்தும்.

அந்தச் சட்டத்தை எழுதியிருக்க வேண்டிய காலம் எப்போதோ வந்துவிட்டது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார் தலைமையில் 1952இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழுவே பள்ளிகளுக்கு வழிகாட்டல் அலுவலர்கள் வேண்டும் என்று எழுதிவிட்டது. அடுத்து வந்த கோத்தாரி குழு, 1964-66இல், பத்துப் பள்ளிக்கு ஒரு வருகை ஆலோசகராவது இருக்கட்டும் என்று கேட்டது. ஆனால் 2009இல் கல்வி உரிமைச் சட்டம் வந்தபோது, எத்தனை பிள்ளைக்கு எத்தனை ஆசிரியர், எத்தனை வகுப்பறை, கழிப்பறை, விளையாட்டு மைதானம் என்று அதன் அட்டவணை சொன்னதே தவிர, ஆலோசகர் என்று ஒரு வரி அதில் இல்லை. அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் 17ஆம் பிரிவு தடைசெய்தது. புண்பட்ட பிள்ளை யாரிடம் போவது என்பதைச் சட்டம் சொல்லவில்லை.

தமிழ்நாடு இந்த இடைவெளியைத் தொலைபேசி எண்களால் நிரப்பியது. கல்வி உதவிக்கு 14417, குழந்தைகளுக்கு 1098, மனநலத்துக்கு 14416, மருத்துவ ஆலோசனைக்கு 104. சில மாவட்டங்களுக்கு ஒரு வேன் என்ற கணக்கில் நடமாடும் உளவியல் ஆலோசனை மையங்களும் ஓடின. 2021க்குப் பிறகு பள்ளிகளில் 'மாணவர் மனசு' பெட்டி வைக்கப்பட்டது. இவற்றை ஏற்படுத்தியவர்களின் அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை. தேர்வு முடிவு வரும் நாட்களில் 104இல் பேசி உயிர் பிழைத்த பிள்ளைகள் உண்டு என்று நம்புகிறேன். ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியை நினைத்துப் பாருங்கள். பள்ளிக்குள் செல்பேசி கொண்டுவரக் கூடாது. வீட்டில் இருப்பது அப்பாவின் செல்பேசி, அழைத்த எண் அதில் பதிவாகிவிடும். அவளுடைய பிரச்சினையே அப்பா என்றால்? பெட்டியில் எழுதிப் போடலாம் என்றால், அது பெரும்பாலும் தலைமையாசிரியர் அறைக்கு வெளியே, எல்லோரும் போகவரும் வராந்தாவில் இருக்கும். கையெழுத்தை வைத்தே யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது அந்த வயதுப் பிள்ளைக்குத் தெரியும். வேன் வந்த அன்றைக்கு அவள் விடுப்பில் இருந்திருக்கலாம். 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகள் உள்ள மாநிலம் இது. வேன் மறுபடி எப்போது வரும்?

பாக் நீரிணைக்கு அப்பால் கதை தலைகீழ். இலங்கையில் அரசுப் பாடசாலைகள் சுமார் 10,000. அங்கே எண்ணுக்கும் பெட்டிக்கும் முன்பே ஆள் வந்துவிட்டார். ஆசிரியர்களுக்குள்ளேயே ஒருவரைத் தேர்ந்து, பயிற்சி கொடுத்து, வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியர் என்று பொறுப்புக் கொடுப்பது அங்கே நெடுநாள் வழக்கம். வடக்கு கிழக்கில் 'உளவளத்துணை ரீச்சர்' என்று பிள்ளைகள் சொல்வது இவரைத்தான். போரின் நடுவிலேயே, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். இத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்கு உளமருத்துவர்கள் போதமாட்டார்கள், ஆசிரியர்களைத்தான் பயிற்ற வேண்டும் என்பதே அது.

அதன் பலனுக்கு ஒரு சான்று மணற்காட்டில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை வடமராட்சிக் கரையை அழித்த சில வாரங்களில், அங்கே அமைந்த முகாமில் 31 பிள்ளைகளுக்குச் சிகிச்சை தரப்பட்டது. 8 முதல் 14 வயதுவரையான பிள்ளைகள். போரையும் ஏற்கெனவே கண்டவர்கள். ஒரு பிரிவினர் தங்களுக்கு நேர்ந்ததை வரிசைப்படி சொல்லிக் கதையாக்கினார்கள். மற்றப் பிரிவினருக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். ஒவ்வொருவருக்கும் ஆறு அமர்வுகள். நடத்தியவர்கள் வெளிநாட்டு மருத்துவர்கள் அல்லர், பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசனை ஆசிரியர்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் பிரிவில் 81 விழுக்காட்டினரும் இரண்டாம் பிரிவில் 71 விழுக்காட்டினரும் தேறியிருந்தார்கள். ஆய்வு 2009இல் மருத்துவ இதழில் வந்தது. பிள்ளைகளின் எண்ணிக்கை சிறிது என்பதை மறக்கவில்லை. ஆனாலும் பிள்ளையின் பேச்சுமொழியில் பேசும், அதே ஊர்க்காற்றைச் சுவாசிக்கும் ஓர் ஆசிரியர் முறையான பயிற்சியோடு என்ன செய்ய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் படித்ததில்லை.

பின்னே இலங்கையின் குறை எங்கே? அந்த ஆசிரியரைத் தாங்கி நிற்பது சட்டம் அல்ல, சுற்றறிக்கை. உடல் தண்டனையைத் தடுத்ததும் 2005/17 என்ற சுற்றறிக்கைதான். பாடசாலைக் கல்வியை ஆள்வது 1939ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம். மனநோய்க்கான கட்டளைச் சட்டமோ 1873இல் எழுதியது. இவை இரண்டிலும் பாடசாலை ஆலோசனைக்கு இடமில்லை. அதனால் என்ன நடக்கிறது? கணித ஆசிரியர் விடுமுறை என்றால் அந்த வகுப்பைப் பார்க்க முதலில் அனுப்பப்படுபவர் உளவளத்துணை ஆசிரியர். அவருக்கென்று ஒதுக்கிய அறையில் விளையாட்டுச் சாமான்கள் வந்து சேரும். சாதாரண தரப் பரீட்சை நெருங்கினால் அந்த அறையே மேலதிக வகுப்புக்குப் போய்விடும். காலையில் பரீட்சைத் தாளைத் திருத்திக் கண்டித்தவரிடமே பகலில் போய் மனம்விட்டுப் பேச வேண்டிய சங்கடம் பிள்ளைக்கு. இடமாற்றம் வந்து அவர் போய்விட்டால், பெற்ற பயிற்சியும் அவரோடு போய்விடும். வருபவர் அந்தப் பயிற்சி பெற்றவராக இருப்பார் என்ற உறுதி இல்லை.

சட்டத்தின் துணை இல்லாத பணி ஆட்சியாளரின் விருப்பத்தில் தொங்கும் என்பதை 2009க்குப் பிறகு வன்னி பார்த்தது. மிக மோசமான இழப்புகளுக்குப் பிறகு, மக்கள் வாய்திறந்து அழவேண்டிய நேரத்தில், தொண்டு நிறுவனங்களின் உளசமூகப் பணிகளுக்கு அரசின் செயலணி அனுமதி தர மறுத்தது. பிள்ளைகள் நடந்ததைச் சொல்வதே அரசுக்கு ஆகாத காரியமாகத் தெரிந்தது. அந்தக் கொடுமையை எண்ணினால் இன்றும் மனம் ஆறவில்லை.

சட்டம் வந்தால் மட்டும் போதுமா என்று கேட்பவர்களுக்கு இந்தியாவின் போக்சோ சட்டம் நல்ல பாடம். 2012இல் வந்த அச்சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்ததாக அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காதவருக்குத் தண்டனை உண்டு, நிறுவனத் தலைவருக்கு ஓராண்டுவரை சிறை. குற்றத்தை மூடிமறைக்கும் நிர்வாகங்களுக்கு இந்தக் கடிவாளம் அவசியம். இதைத் தளர்த்தச் சொல்ல மாட்டேன். ஆனால் "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க மிஸ்" என்று தொடங்கும் பிள்ளைக்கு ஆசிரியர் அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: சிலவற்றை என்னோடு வைத்துக்கொள்வேன், சிலவற்றை உன் பாதுகாப்புக்காக நான் சொல்லியே ஆக வேண்டும். இந்த இரண்டு வாக்கியங்களைப் பிள்ளைக்கு அச்சம் வராதபடி சொல்லத் தனிப் பயிற்சி வேண்டும். வாரத்துக்கு முப்பது பாடவேளை எடுக்கும் ஆசிரியரின் தலையில் கூடுதல் பொறுப்பாக இதையும் ஏற்றினால் அது கைகூடாது.

ஆக, எழுத வேண்டிய சட்டத்தின் சரக்கு இரண்டு கரைகளிலும் பாதிப் பாதியாகக் கிடக்கிறது. பள்ளிக்குள்ளேயே இருக்கும் ஆளை இலங்கையிடமிருந்தும், நீதிமன்றத்தில் கேட்டு வாங்கக்கூடிய உரிமையை இந்தியாவிடமிருந்தும் எடுக்க வேண்டும். அதோடு இரண்டிடத்திலும் இல்லாதவை சில: ஆலோசகருக்குப் பாடவேளை கொடுக்கக் கூடாது, கதவுள்ள அறை வேண்டும், குறிப்பேடு யார் கையில் இருக்கும், யார் கேட்டால் காட்டலாம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும், இடம் காலியானால் எத்தனை நாளில் நிரப்புவது என்ற கெடு வேண்டும். ஒப்பந்தக் கூலியில் ஆள் எடுப்பதைச் சட்டமே தடுக்க வேண்டும். ஒரு பிள்ளை வாய்திறக்கவே மாதங்கள் ஆகும்போது, பதினோரு மாத ஒப்பந்தத்தில் வரும் ஆலோசகரால் என்ன பயன்?

வடக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. 13ஆவது திருத்தத்தின்படி கல்வி குறித்து மாகாண நியதிச் சட்டம் இயற்றக் கூடிய மன்றம் அது. அடுத்த தேர்தல் நடந்தால்தான் அங்கே இதைப் பேசவே முடியும். தமிழ்நாட்டுக்கு அந்தத் தடை இல்லை. 1976இன் 42ஆவது திருத்தம் கல்வியைப் பொதுப்பட்டியலுக்குக் கொண்டுபோன பிறகும், தமிழ் கற்பதற்கு 2006இலும் சமச்சீர்க் கல்விக்கு 2010இலும் சட்டம் இயற்றிய பேரவை இது. மேல்நிலைப் பள்ளிகளிலிருந்து தொடங்கலாம். நீட்டும் பொதுத்தேர்வும் அழுத்துவது அங்கேதான். நூறு பிள்ளைகளுக்குக் குறைந்த சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளுக்குக் கோத்தாரி கேட்ட பத்துக்கு ஒருவர் என்ற கணக்கையே வைக்கலாம், அவர் வரும் கிழமை பிள்ளைகளுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்குமானால்.