பாரதியின் 'காற்று': இடம்பெயரும் 'நான்'

பாரதியின் (1882–1921) வசன கவிதைகள் தமிழ்ப் புதுக்கவிதையின் தோற்றுவாயாகக் கொள்ளப்படுபவை. வல்லிக்கண்ணனின் 'புதுக்கவிதையின் தோற்றமும் வளர்ச்சியும்' என்னும் நூலும் அங்கிருந்தே தொடங்குகிறது. ஆயின், இவ்வரலாற்று முதன்மையே அவற்றை நுணுகி வாசிப்பதற்குத் தடையாயிற்றோ என எண்ண இடமுண்டு. 'காற்று' பகுதியிலுள்ள கயிற்றுக் காட்சியை வேதாந்த உண்மை ஒன்றுக்குரிய எளிய உவமையாகக் கொண்டு அமைந்துவிடுதல் இயல்பு. பனுவல் அவ்வளவில் அடங்குவதன்று.

மாடியில் ஓர் ஓலைப்பந்தல். மூங்கிற்கழியில் கட்டியது போக மிஞ்சிய கயிறு தொங்குகிறது. முதலில் ஒன்றாகத் தோன்றியது பின்னர் இரண்டாகிறது. ஒன்று ஒரு சாண், மற்றது முக்கால் சாண். உவமைக்காக மட்டும் படைக்கப்பட்ட கயிறுகளுக்கு இந்தக் கால் சாண் வேறுபாடு வேண்டுவதில்லை. கந்தன், வள்ளியம்மை என்னும் பெயர்களோடு அவை கணவனும் மனைவியுமாக ஊசலாடுகின்றன. கவிதைசொல்லி நலம் வினவுகிறான். தவறான வேளையில் வந்துவிட்டோமோ எனக் கூசுகிறான். (பேசாதிருக்கும் கயிற்றின் பிணக்கத்தைப் பெண்களின் இயல்போடு ஒப்பிடும் இடம் உறுத்துகிறது, கவிதைக்கும் அது எதனையும் சேர்க்கவில்லை.) அஃறிணைப் பொருள்கள் கேட்பன போலவும் பேசுவன போலவும் கூறுவதற்கு நன்னூல் இடம் தருகிறது. பாரதியிடம் அந்தப் 'போல' இல்லை. இக்கயிறு பேசும், ஐயமே இல்லை என்று அறுதியிட்டுவிட்டே அவர் காட்சியைத் தொடர்கிறார். இலக்கணம் அணியாக ஏற்றுக்கொண்டது இங்கு அனுபவமாக முன்வைக்கப்படுகிறது.

பின்னர்க் காற்று தெய்வமாக வெளிப்படுகிறது. தைத்திரீய உபநிடதத்தின் வாயு வணக்கம் வடமொழியிலேயே ஒலிக்கிறது. சிறிய கயிறு உறங்கவில்லை, இறந்துவிட்டது. அதன் உயிர்ப்பு தன்னுடையது என்று காற்று மறுமொழி கூறுகிறது. இவ்விடத்தில் 'நான்' என்னும் சொல் கவிதைசொல்லியிடமிருந்து காற்றுக்குக் கைம்மாறுகிறது. பாரதியின் 'நான்' என்னும் யாப்புக் கவிதையில் தன்னிலை விரிந்து காற்றையும் தன்னுள் அடக்கிக்கொள்கிறது. இங்கு நிகழ்வது அதன் மறுதலை. தன்னிலைக்கு உரியது எனக் கருதப்பட்ட அசைவு, விருப்பம், நாணம் யாவும் இரவல் என்றாகிறது. அங்ஙனமாயின் கந்தனுக்கும் வள்ளியம்மைக்கும் இடையே நிகழ்ந்த காதல் யாருடையது? வேதாந்த வாசிப்பு இவ்வினாவை விரைந்து ஆற்றுவித்துவிடுகிறது. கவிதை அவ்வாறு செய்வதில்லை. காற்று கூறும் விதி கயிற்றோடு நிற்பதுமன்று. தன்னோடு உறவுகொண்ட உடல் எதுவும் இயங்கும், அவ்வுறவற்றது பிணம் என்கிறது காற்று. நலம் வினவிய வாயும் அவ்விதிக்குள் அடங்கும். பாரதி இதனை விளக்காது விடுகிறார். அதுவே இப்பகுதியின் வலிமை.

இதே 'காற்று' பகுதியின் வேறோர் இடம் இதனோடு முரண்படுகிறது. நொய்ந்தவற்றைக் காற்று நொறுக்கும். ஆகவே வீட்டையும் கதவையும் உடலையும் உயிரையும் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும் என்கிறது அது. உயிரே இரவல் எனில் அதனை உறுதிசெய்துகொள்வது யார்? இரு நிலைகளையும் இணக்கப்படுத்த முயலும் விளக்கங்கள் பனுவலுக்கு வெளியிலிருந்தே வரவேண்டியுள்ளன. எண்ணிட்ட சிறு பகுதிகளாக அமையும் வசன கவிதை வடிவம் இம்முரணை அப்படியே வைத்துக்கொள்ள இடம் தருகிறது. மெதுவாக வருமாறும், காகிதங்களை வீசி எறியாதிருக்குமாறும், அலமாரிப் புத்தகங்களைத் தள்ளாதிருக்குமாறும் காற்றிடம் வேண்டும் குரல், கயிற்றிடம் நலம் வினவிய குரலே. இம்முறை காற்று பேசுவதில்லை. வேண்டி முடிப்பதற்குள் புத்தகத்தைத் தள்ளி ஏடுகளைக் கிழித்துவிடுகிறது.