கண்ணீரோடு கணக்கும் வேண்டும்

மிஷனெரிக் குடும்பம் ஒன்று கிராமத்துச் சபையை விட்டுப் புறப்படும்போது நடக்கும் பிரிவு உபசாரக் கூட்டம் ஏறக்குறைய ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. சால்வை, வாழ்த்து மடல், சாட்சி, ஜெபம், அன்பின் விருந்து என எந்த ஊரிலும் அதன் முறை பெரிதாக மாறுவதில்லை. திருநெல்வேலிச் சபையார் 1903-இல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியதிலிருந்து நாமே மிஷனெரிகளை அனுப்புகிறவர்களாகவும் இருக்கிறோம். ஆகவே இதை எடைபோடும் பொறுப்பும் நமக்கு உண்டு. நன்றி சொல்ல இதைவிட நல்ல முறை இல்லை. மேடையே ஏறாத ஒரு பெண் எழுந்து, தன் பிள்ளையின் காய்ச்சலுக்கு இரவில் மருந்து கொடுத்தவர்களைப் பற்றித் தன் பேச்சு மொழியிலேயே சொல்ல அங்கே இடம் கிடைக்கிறது. மிஷனெரியின் பிள்ளைகளுக்கோ அந்த ஊர்தான் சொந்த ஊர். விடைபெறாமல் கிளம்பினால் அந்த இழப்பு அவர்களுக்குள் ஆறாமல் தங்கிவிடும்.

ஆனால் அந்தக் கூட்டத்தில் பேசப்படுவதெல்லாம் போகிறவர்களைப் பற்றியே. இருக்கப்போகிறவர்களைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. ‘இனி எங்களுக்கு யார் இருக்கிறார்கள்’ என்று சபை அழுவதை அன்பின் அடையாளமாக மட்டும் பார்ப்பது தவறு. பொறுப்பு கைமாறவில்லை என்பதற்கும் அதுவே சாட்சி. நம் வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு. பாளையங்கோட்டையில் 1820 முதல் உழைத்த மிஷனெரி இரேனியஸ் ஐயரை 1835-இல் அவரை அனுப்பிய சங்கமே விலக்கியது. அவர் ஆற்காட்டுக்குப் போனார். உபதேசியார்கள் அழைக்கவே திரும்பி வந்தார். சபைகள் இரு பிரிவாயின. 1838-இல் அவர் இறந்த பிறகே பிளவு ஆறத் தொடங்கியது. கொள்கைப் பூசல் அதில் இருந்தது உண்மை. ஆயினும் ஊர் ஊராகச் சபைகளைத் தாங்கிய உபதேசியார்களுக்குக் குருப்பட்டம் கொடுப்பது யார், எந்த முறையில் என்பதே அந்தப் பூசலின் வேர்களில் ஒன்று. உழைப்பு அவர்களுடையது, அதிகாரம் அவர்களிடம் இல்லை. ஒருவர் அகன்றதும் சபை அவரையே தேடியதில் வியப்பில்லை.

எத்தியோப்பியாவின் வோலைட்டா பகுதியில் நடந்தது இதற்கு நேர்மாறு. இத்தாலிய ஆக்கிரமிப்பினால் 1937-இல் மிஷனெரிகள் வெளியேறியபோது அங்கே ஞானஸ்நானம் பெற்றிருந்தவர்கள் ஏறக்குறைய 50 பேர்தான். ஆக்கிரமிப்பு முடிந்து மிஷனெரிகள் திரும்பியபோது விசுவாசிகள் ஆயிரக்கணக்கில் பெருகியிருந்தார்கள். உபத்திரவம்தான் அந்தச் சபையை வளர்த்தது என்று சிலர் மறுக்கலாம். ஆனால் உபத்திரவம் பல இடங்களில் சபைகளை அழித்தும் இருக்கிறது. வோலைட்டாவிலோ மிஷனெரிகள் இருந்தபோதே உள்ளூர் மூப்பர்கள் பொறுப்பில் இருந்தார்கள். அந்நியப் பணத்தை நம்பிச் சபை நடக்கவில்லை. அந்த அடித்தளம்தான் புயலைத் தாங்கியது என்பது என் முடிவு.

இன்னொரு மறுப்பு கனமானது: மரியாதை செய்யாமல் ஒருவரை அனுப்புவது நம் வழக்கத்தில் அவமதிப்பு, கணக்கையும் பதிவேட்டையும் நடுவில் வைத்தால் கூட்டம் அலுவலகமாகிவிடாதா? அப்போஸ்தலர் நடபடிகள் 20-ஆம் அதிகாரத்தில் பவுல் எபேசு சபையின் மூப்பர்களை மிலேத்துவுக்கு வரவழைத்து விடைபெறுகிறார். யாருடைய பொன்னுக்கும் ஆசைப்படவில்லை என்று கணக்கு ஒப்பிக்கிறார். மந்தையை அவர்கள் கையில் விடுகிறார். வரப்போகும் ஆபத்தையும் மறைக்கவில்லை. அதன் பிறகுதான் எல்லாரும் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். ஒப்படைப்பு அந்த அழுகையை எந்த விதத்திலும் குறைத்துவிடவில்லை.

ஆகவே சால்வை இருக்கட்டும், விருந்தும் இருக்கட்டும். அனுப்பும் சங்கங்களிடம் கேட்பது இதுதான்: குடும்பம் புறப்படுவதற்கு ஓராண்டு முன்பே காணிக்கைக் கணக்கு, ஞானஸ்நானப் பதிவேடு, ஆலயச் சாவி மூன்றையும் உள்ளூர் மூப்பர்களிடம் கொடுங்கள். அந்த ஓராண்டில் பிரசங்க பீடத்தில் அவர்கள் நிற்கட்டும், மிஷனெரி சபையாரோடு கீழே அமரட்டும். விடைபெறும் நாளில் அந்த மூப்பர்களைப் பெயர் சொல்லி அழைத்து, எல்லார் முன்னிலையிலும் கைவைத்து ஜெபியுங்கள்.