பிரீலின் நாடகத்தில் வராத நிலப்பிரபு

பிரையன் பிரீல் எழுதிய ‘மொழிபெயர்ப்புகள்’ நாடகத்தைத் தாய்மொழியின் மறைவுக்கு வைத்த ஒப்பாரியாகவே விமர்சகர் பலர் கொள்வர். அக்கருத்துடன் நாம் முற்றாக உடன்படுவதற்கில்லை.

1980 செப்டெம்பரில் வட அயர்லாந்தின் டெரி நகரமண்டபத்தில் அது முதன்முதல் மேடையேறிற்று. கத்தோலிக்கர் பெரும்பான்மையினராய் வாழ்ந்தும், வட்டார எல்லைகள் சூழ்ச்சியாக வகுக்கப்பட்டமையால் யூனியன்வாதிகளே நெடுங்காலம் அதிகாரஞ் செலுத்திய மண்டபம் அது. 1921ஆம் ஆண்டுப் பிரிவினை, அல்ஸ்டரின் ஒன்பது மாவட்டங்களுள் ஆறினைப் பிரித்தானியாவுடன் நிறுத்தியபோது, டெரியும் அதன் அயலான டொனகலும் இரு வேறு அரசுகளுக்குள் அகப்பட்டன.

நாடகம் நிகழ்வதோ 1833இல், டொனகல் கிராமமொன்றின் திண்ணைப்பள்ளியை ஒத்த ஏழைப் பள்ளியிலே. ஆங்கிலப் படையினர் நிலத்தை அளந்து, ஊர்ப்பெயர்களை ஆங்கிலமாக்குகின்றனர். ஆசிரியரின் மகன் ஓவன் அவர்களுக்குக் கூலி மொழிபெயர்ப்பாளன். யொலண்ட் என்னும் இளம் அதிகாரி காணாமற்போகவே, கப்டன் லான்சி பள்ளிக்குள் நுழைகின்றான். அவன் கிடைக்காவிடில் முதலிற் கால்நடைகள் கொல்லப்படும், பின்னர் குடிகள் எழுப்பப்பட்டு வீடுகள் இடிக்கப்படும் என்று கூறி, ஊர்களின் பட்டியலை வாசிக்கின்றான். அவை ஓவன் சூட்டிய புதுப்பெயர்கள், ஊராருக்கு விளங்கா. ஒவ்வொன்றையும் பழைய ஐரிஷ் பெயருக்கு அவனே திருப்பிச் சொல்லவேண்டியதாகின்றது. உத்தியோகத்துக்காக அந்நியனுக்குத் துணைபோகும் படித்தவனின் நிலையை இத்துணைக் கூர்மையாகக் காட்டிய காட்சிகள் அரியன.

ஆயினும் மொழியை மட்டுமே பேசுவோர் மாயிராவை மறந்துவிடுகின்றனர். அவளுக்குக் கீழே பத்துப் பிள்ளைகள்; வீட்டில் ஆண்துணை இல்லை. அறுவடை முடிந்ததும் அமெரிக்கா போகவேண்டும். அவள் கேட்பது இலத்தீனுமன்று, கிரேக்கமுமன்று, ஆங்கிலம். 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சம் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேரைக் கொன்றது. அத்துணைப் பேரைக் கடல்கடந்தும் ஓட்டியது. ஐரிஷ் பேசிய மேற்குப் பகுதிகளே பெரிதும் அழிந்தன. அம்மொழியை வீழ்த்தியதில் அளவையாளனின் பேனாவைவிடப் பசிக்கே பங்கு பெரிது.

இங்கேதான் நாடகாசிரியர்மீது எமக்கு மனக்குறை. ஜோன் ஓடொனவன் முதலிய அறிஞர் அவ்வளவைப் பணியிலேயே இருந்து பழைய பெயர்களைத் தேடிப் பதிந்தவர்கள். குடியெழுப்புதலும் அளவைப் படையின் தொழிலன்று. அக்காலத்தில் குடிகளை எழுப்பியோர் நிலப்பிரபுக்கள்; அவர்களுள் ஒருவரேனும் இம்மேடைக்கு வரவில்லை. அவர்தம் குற்றத்தையும் கப்டனே சுமக்கின்றான். தேசியப் பகை தெளிவாகின்றது. வர்க்கப் பகை திரைமறைவிற் போகின்றது.

பிரீல் இதனை அறியாதவரல்லர். 1968 ஒக்டோபரில் டெரியில் ஊர்வலம் சென்றோர் கேட்டவை வீடும் வேலையும் சமவாக்குரிமையும். அவர் 1973இல் மேடையேற்றிய ‘நகரச் சுதந்திரம்’ என்ற நாடகத்தில் ஊர்வலத்தினர் மூவர் அதே மண்டபத்தினுள் தஞ்சம் புகுந்து, வெளியே வருகையில் படையினராற் சுடப்படுகின்றனர். அம்மூவருள் ஒருத்தியான லிலி பதினொரு பிள்ளைகளின் தாய். கலையமைதியில் அது சற்றுக் குறைந்ததே. எனினும் ‘மொழிபெயர்ப்புக’ளைக் கற்பிக்கும் ஆசிரியர் அதனையும் உடன்வைத்துக் கற்பித்தல் வேண்டும்.